பழமொழிக்கு ஆங்கிலப் பொருள்: இருமொழித் தொகுப்புகளில் ஒரு விடுபாடு

1. முன்னுரை

தமிழ் வினைகளுக்கும் மரபுத்தொடர்களுக்கும் பழமொழிகளுக்கும் ஆங்கிலத்தில் பொருள் எழுதும் முயற்சி இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது. 1779இல் வெளிவந்த பப்ரீசியசின் அகராதி, 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பிற்சேர்க்கையாகவும் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, 1992இல் முதற்பதிப்பும் 2020இல் மூன்றாம் பதிப்பும் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஆகியவை இவ்வழியில் குறிப்பிடத்தக்கவை. பழமொழிகளுக்கென்றே 19ஆம் நூற்றாண்டில் மூன்று பெருந்தொகுப்புகள் தோன்றின. இவற்றைத் தொகுத்தவர்களின் உழைப்பை மொழியியலார் எவரும் குறைத்து மதிப்பிட இயலாது.

எனினும் இந்நூல்களைப் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பாளர் அடிக்கடி ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கிறார். தமிழ் வடிவம் இருக்கிறது. எதிரே ஆங்கிலமும் இருக்கிறது. ஆயினும் அவ்வடிவத்தை எப்போது, யார், யாரிடம், எந்த நோக்கத்துடன் கூறுவர் என்பது தெரிவதில்லை. வினைச்சொல்லைப் பொறுத்தவரை இக்குறை சிறியது. மரபுத்தொடருக்கு வரும்போது அது பெரிதாகிறது. பழமொழிக்கு வரும்போது பொருளே நழுவிவிடுகிறது. 'பொருள்' என்னும் ஒரே பத்தி மூன்று வெவ்வேறு பணிகளைச் செய்யுமாறு ஏவப்பட்டதே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வாறு பதிவுபெறாமற் போன பயன்பாடு, இன்று தமிழில் பழமொழிகளுக்குப் புதிய 'உண்மைப் பொருள்' கற்பிக்கும் போக்குக்கும் இடமளித்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவதே இங்கு நோக்கம்.

எடுத்துக்காட்டுகள் தமிழிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் தரப்படுகின்றன. பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் முயற்சியால் 1971இல் தோன்றிய திராவிட மொழியியற் கழகமும் 1977இல் தோன்றிய பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளியும் கழக்கூட்டத்தை அடுத்த மேனங்குளத்தில் நிலைகொண்டவை. இவ்விரு மொழிகளும் நாள்தோறும் உரசிக்கொள்ளும் இப்பகுதியில், ஒன்றன் வழக்கைக் கொண்டு மற்றதன் வழக்கைச் சோதிப்பது எளிது. அச்சோதனை எவ்வளவு பயனுடையது என்பது ஐந்தாம் பகுதியில் விளங்கும்.

2. வினைகள்

வினையைத் தலைச்சொல்லாக எந்த வடிவில் தருவது என்பதில் அகராதிகள் வேறுபடுகின்றன. வின்சுலோ தன்மை ஒருமை வடிவங்களைத் தந்தார். பேரகராதி வினையடியைத் தொழிற்பெயர் விகுதியுடன் காட்டி, வினைத்திரிபு வகையின் எண்ணையும் குறித்தது. க்ரியா அகராதி வினையடியை நிறுத்தி, எச்ச வடிவங்களை அடைப்பில் தருகிறது. இவை வடிவத்தைப் பற்றிய முடிவுகள். ஒவ்வொன்றும் தன்னளவில் செம்மையானது.

இடர் பொருட்பகுதியில் தொடங்குகிறது. 'தொலை' என்னும் வினைக்குக் காணாமற்போதல், அழிதல் என்னும் பொருள்கள் உண்டு. ஆனால் 'வந்து தொலைத்தான்' என்னும் தொடரில் எதுவும் காணாமற்போகவில்லை, அழியவுமில்லை. வந்தான் என்பதே செய்தி. அவன் வரவைப் பேசுபவர் விரும்பவில்லை என்பது துணைவினை தரும் கூடுதல் செய்தி. 'அவன் முதல் வகுப்பில் தேறித் தொலைத்தான்' என்று ஒரு தாய் தன் மகனைப் பற்றிப் பேசினால் அது எள்ளலாகவே இருக்க முடியும். எனவே இங்குத் துணைவினையின் பொருள் நிகழ்ச்சியைச் சார்ந்ததன்று. பேசுபவரின் மனநிலையைச் சார்ந்தது. 'எழுதித் தள்ளினார்' என்பதில் மிகுதியும், 'சொல்லி வை' என்பதில் வருங்காலத் தேவைக்கான முன்னேற்பாடும் இவ்வாறே துணைவினையால் உணர்த்தப்படுகின்றன. மலையாளத்தில் 'பறஞ்ஞு களஞ்ஞு' என்னும்போது 'களயுக' என்னும் வினை எறிதலைக் குறிக்கவில்லை. சொல்லத்தகாததைச் சொல்லிவிட்டான் என்னும் குறிப்பைத் தருகிறது. இவற்றையெல்லாம் ஒற்றை ஆங்கில வினையால் ஈடுசெய்ய இயலாது. மொழிபெயர்ப்பாளர் சில இடங்களில் ஓர் இடைச்சொல்லையோ, சில இடங்களில் உரையாடலின் தொனியையோ நம்பவேண்டியிருக்கும்.

வினை தன் முதற்பொருளை விட்டு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு 'உண்' நல்ல சான்று. 'அடியுண்டான்', 'வெட்டுண்டான்', 'கட்டுண்டான்' என்பனவற்றில் உணவு இல்லை. செயப்பாட்டுப் பொருளை உணர்த்தும் துணையாக 'உண்' நிற்கிறது. உண்பவன் ஒன்றைத் தன்னுள் ஏற்கிறான். அடியுண்பவனும் ஒன்றைத் தன்மேல் ஏற்கிறான். இவ்வேற்பே இரண்டையும் இணைக்கும் கண்ணி.

வட்டார வேறுபாடு மற்றொரு சிக்கல். பொதுத்தமிழ் எழுத்து வழக்கில் 'சாடு' என்பது கடிந்து தாக்குதலைக் குறிக்கும். செய்தித்தாள்களில் இவ்வழக்கு மிகுதி. மலையாளத்தில் 'சாடுக' என்பது குதித்தல். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த குமரி மாவட்டத் தமிழிலும் 'கிணற்றில் சாடினான்' என்றால் குதித்தான் என்பதே பொருள். இடக்குறிப்பு இல்லாத ஆங்கிலப் பொருள், குமரி எழுத்தாளர் ஒருவரின் கதையை மொழிபெயர்ப்பவரை எளிதில் தடம்மாறச் செய்யும்.

வினையைப் பொறுத்தவரை இக்குறைகள் தீர்க்கத்தக்கவை. எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றும் வட்டாரக் குறிப்பு ஒன்றும் இருந்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும். தற்கால அகராதியியல் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குத் தரும் முதன்மை இவ்வகையில் பெரும் முன்னேற்றம் எனலாம்.

3. மரபுத்தொடர்கள்

மரபுத்தொடரில் சொற்பொருளோடு தொடரியல் வரையறையும் சமூக வரையறையும் சேர்ந்துகொள்கின்றன. 'காது குத்து' என்பதற்கு ஏமாற்றுதல் என்று ஆங்கிலத்தில் பொருள் எழுதினால் தவறில்லை. ஆனால் அத்தொடர் மிகுதியாக வாழும் இடம் 'எனக்கே காது குத்துகிறாயா?' என்னும் வினா வாக்கியம். ஏகாரமும் வினாவும் முன்னிலையும் அதன் இயல்பான சூழல். ஏமாற்ற முயன்றவன் பிடிபட்டான் என்பதை அறிவிக்கும் தொடர் அது. 'காது குத்தப்பட்டது' என்று செயப்பாட்டு வினையாக்கினால் மரபுப்பொருள் மறைந்து காதணி விழாவே எஞ்சும். வெறும் பொருட்குறிப்பைக் கொண்டு ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்பவர், 'வங்கி வாடிக்கையாளர்களுக்குக் காது குத்தப்பட்டது' என்று எழுதிவிடக்கூடும். இலக்கணம் அதைத் தடுக்கவில்லை; வழக்கு தடுக்கிறது. அத்தடையைத் தொகுப்பு பதிவுசெய்யவில்லை.

'கை நனை' என்னும் தொடரை நோக்குக. உண்ணுதல் என்பது அதன் சொற்சுருக்கப் பொருள். 'கை நனைக்காமல் போகக்கூடாது' என்பது விருந்தினரை வற்புறுத்தும் வாக்கியம். 'அந்த வீட்டில் இனிக் கை நனைக்கமாட்டோம்' என்பது உறவு முறிவின் அறிவிப்பு. ஊரில் ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்தின் வீட்டில் கை நனைக்குமா என்னும் வினா, உறவுமுறையையும் சாதிநிலையையும் பகைமையையும் ஒருங்கே உசாவும் வினா. தனியே அமர்ந்து உணவகத்தில் உண்டவன் 'கை நனைத்தேன்' என்று கூறுவதில்லை. ஒரு வீடு, அவ்வீட்டார், அவர்கள் தரும் உணவை ஏற்றல் அல்லது மறுத்தல் என்னும் மூன்றும் இத்தொடரின் பொருளில் அடங்கும். உண்ணுதல் என்னும் ஆங்கிலச் சொல் இம்மூன்றில் எதையும் ஏந்தவில்லை.

நெருங்கிய மொழிகளுக்கிடையே ஆங்கிலப் பொருள் புதிய மயக்கத்தையும் உண்டாக்கும். தமிழில் 'வாய் பார்த்துக்கொண்டு நிற்காதே' என்பது, செய்யவேண்டிய பணியை விட்டுப் பிறர் பேச்சில் மயங்கி நிற்பவரைக் கடிவது. மலையாளத்தில் 'வாய்நோக்கி' என்பது வேலையற்றுத் திரிபவனை, குறிப்பாகப் பெண்களை வெறித்து நோக்கி நிற்பவனைக் குறிக்கும் வசைச்சொல். இரண்டின் உருவகமும் ஒன்று. வாய் பிளந்து நோக்குதல் என்று இரண்டுக்கும் ஒரே ஆங்கிலப் பொருள் எழுதினால், அவ்வாங்கிலத்தின் வழியாக மலையாளக் கதையைத் தமிழாக்குபவர் கடுமையான வசையை மென்மையான கடிதலாக்கிவிடுவார்.

4. பழமொழித் தொகுப்புகள் மூன்று

பழமொழி ஒரு சொல்லன்று, தொடருமன்று. அது முழுக்கூற்று. அதனைக் கூறுபவர் ஒரு செயலைச் செய்கிறார்: அறிவுறுத்துகிறார், இடித்துரைக்கிறார், ஆறுதல் கூறுகிறார், எள்ளுகிறார், தன் செயலுக்கு நியாயம் கற்பிக்கிறார். தொல்காப்பியர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். செய்யுளியலில் முதுமொழியை வரையறுக்கும்போது, நுட்பம், சுருக்கம் முதலிய வடிவப் பண்புகளைக் கூறியதோடு நில்லாமல், கருதிய ஒன்றை நிறுவுவதற்குக் காரணமாக வந்து நிற்பது என்று அதன் பயனையும் வரையறையினுள் வைத்தார். பயன்வழியியல் என்று இன்று நாம் பெயரிடும் நோக்கு அவ்வரையறையில் இருக்கிறது. பின்வந்த முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறும் ஒவ்வொரு பழமொழியையும் ஒரு வெண்பாவின் இறுதியில் வைத்து, அது எதனை நிறுவ வந்தது என்பதை முன்னடிகளிலேயே காட்டியது.

19ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகளை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். பீட்டர் பெர்சிவல் 1840களில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, 1874இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டது. அகரவரிசையில் தமிழும் அதன்கீழ் ஆங்கில மொழிபெயர்ப்பும் என்பது அதன் அமைப்பு. ஜான் லாசரசு 1894இல் வெளியிட்ட பழமொழி அகராதி ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தந்தது. முழு மொழிபெயர்ப்பை விடுத்து, பொருளுக்கும் பயன்பாட்டுக்குமான குறிப்புகளை ஆங்கிலத்தில் தருவதே தம் பணி என்று அதன் தலைப்பிலேயே அவர் அறிவித்தார். டென்மார்க்கைச் சேர்ந்த எர்மன் யென்சன் 1897இல் 3644 பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பகுத்து வெளியிட்டார்.

மூன்றும் மூன்று கொள்கைகள். பெர்சிவலுக்குப் பழமொழி என்பது மொழிபெயர்க்கத்தக்க வாக்கியம். லாசரசுக்கு அது குறிப்பால் விளக்கத்தக்க வழக்கு. யென்சனுக்கு அது ஒரு கருத்தின்கீழ் அடங்கும் கூற்று. இம்மூவருள் தொல்காப்பிய வரையறைக்கு மிக அருகில் வந்தவர் லாசரசே. ஆனால் குறிப்பு என்பது இயல்பாகவே சுருங்கியது. பெரும்பாலும் அது பழமொழியின் நீதியைக் கூறும். அதனைக் கூறுவோரையும் கேட்போரையும் கூறாது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்னும் பழமொழிக்கு மொழிபெயர்ப்பு எளிது. பொருள்வாரிப் பகுப்பில் அதனைக் குடும்ப உறவு என்னும் தலைப்பிலும் வைக்கலாம். நடுவுநிலையின்மை என்னும் தலைப்பிலும் வைக்கலாம். தலைப்பு மாறினால் பழமொழியே வேறாகத் தோன்றும். ஆனால் எத்தலைப்பும் கூறாத செய்தி ஒன்று உண்டு: மாமியார் இதனை மருமகளிடம் கூறமாட்டார். மருமகள் தன் தாய்வீட்டிலோ தோழியிடமோ கூறுவாள்; பக்கத்து வீட்டார் கூறுவர்; இன்று அலுவலகத்தில் மேலாளரின் தவறும் எழுத்தரின் தவறும் வெவ்வேறாக எடைபோடப்படும்போது எழுத்தர் கூறுவார். அதாவது, வலிமை குறைந்தவரின் பக்கம் நின்று கூறப்படும் முறையீடு இது. பல வேளைகளில் 'மாமியார் உடைத்தால் மண்குடம்' என்று முதற்பாதியோடு பேச்சு நின்றுவிடும். எஞ்சியதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார். நிரப்புவதன்மூலம் முறையீட்டுக்கு உடன்படுகிறார். குடத்துக்கு மாற்றாகச் சட்டியை வைத்து மலையாளத்திலும் இப்பழமொழி வழங்குகிறது. 'மண்சட்டி', 'பொன்சட்டி' என்னும் எதிர்நிலை அங்கும் அவ்வாறே இருக்கிறது. படிமம் சிறிது மாறியும் பயன் மாறாமை கருதத்தக்கது.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பதற்குக் கணக்கு வேண்டும் என்பதே நீதி. ஆயினும் மூத்தவர் இளையவரிடம் கூறும்போது அது அறிவுரை. உடன்பிறந்தார்க்கிடையே பணம் கைமாறும்போது எண்ணி வாங்குபவர் கூறினால், 'உன்னை ஐயுற்று எண்ணவில்லை' என்னும் சமாதானம். ஆங்கில வாக்கியம் ஒன்று, செயல்கள் இரண்டு. இரண்டாவதை அறியாத மொழிபெயர்ப்பாளர், உறவினரை இழிவுபடுத்தும் கூற்றாக அதனை மாற்றிவிடுவார்.

5. 'உண்மைப் பொருள்' என்னும் புதுவழக்கு

பயன்பாடு பதிவுபெறாததன் விளைவு மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. அண்மைக் காலத்தில் மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசிச் செய்திகளிலும் பழமொழிகளுக்கு 'உண்மைப் பொருள்' கூறும் வழக்கம் பெருகியிருக்கிறது. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பது சிதைந்த வடிவம் என்றும், கழு என்னும் கோரைவகையால் பாய் தைப்போர் கற்பூர மணத்தை அறிவர் என்னும் பொருளில் 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை' என்பதே மூலம் என்றும் கூறுகின்றனர். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதில் 'பேரை' என்பதை 'வேரை' என்று திருத்துகின்றனர். 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பதில் குதிரை இல்லை, 'மண் குதிர்' என்னும் மணல்மேடே உண்டு என்கின்றனர். 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பது சட்டி விரதத்தையும் கருப்பையையும் பற்றியது என்கின்றனர்.

இவ்விளக்கங்களுக்குப் பின்னால் ஒரு நல்லெண்ணம் இருப்பதை மறுப்பதற்கில்லை. முன்னோர் எவரையும் இழித்துரைத்திருக்கமாட்டார் என்னும் நம்பிக்கை அது. ஆயினும் மொழியியல் சான்றுகள் வேறு திசையில் நிற்கின்றன.

முதலாவது, வாக்கிய வகை. 'தெரியுமா' என்னும் எதிர்மறை குறித்த வினா தமிழ்ப் பழமொழிகளின் நன்கறியப்பட்ட வாய்பாடுகளுள் ஒன்று. திருத்தம் அதனைப் பிறர் கூற்றை அறிவிக்கும் 'ஆம்' ஈற்று வாக்கியமாக்குகிறது. கோரை தைக்கும் ஒருவருக்கு மணம் தெரியும் என்று யாரோ கூறினார் என்னும் செய்தி எதனை நிறுவப் பயன்படும்? கருதிய பொருளை முடிக்க வராத கூற்று, தொல்காப்பிய நெறிப்படி முதுமொழியே ஆகாது.

இரண்டாவது, ஒப்பீடு. நறுமணப் பொதியைச் சுமந்தும் அதன் மணத்தை அறியாத கழுதை இந்தியப் பெருவழக்கான படிமம். வடமொழியில் சுசுருத சங்கிதை, பொருளறியாது நூல் கற்றவனைச் சந்தனம் சுமக்கும் கழுதைக்கு ஒப்பிடுகிறது. மலையாளத்தில் 'குங்குமம் சுமக்குன்ன கழுத' என்பது நாள்தோறும் கேட்கும் தொடர். ஒன்றில் சந்தனம், ஒன்றில் குங்குமப்பூ, தமிழில் கற்பூரம். மணப்பொருள் மாறுகிறது, கழுதை மாறவில்லை. 'கழு தைக்க' என்னும் பிரிப்பு தமிழ் ஒலிவடிவத்தில் மட்டுமே இயலும். மலையாளத்திலும் வடமொழியிலும் அக்கழுதை எவ்வாறு நுழைந்தது என்பதற்கு அப்பிரிப்பால் விடை கூற முடியாது.

மருத்துவர் பற்றிய பழமொழிக்கும் இதே சோதனை பொருந்தும். நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றவன் பெருமருத்துவன் என்னும் எள்ளல் வடமொழியிலும் வழங்குகிறது. மலையாளத்தில் 'முறிவைத்யன் ஆளெக் கொல்லும்' என்பர். அங்கெல்லாம் வேருக்கு இடமில்லை. தமிழ் வினையின் இயல்பும் திருத்தத்துக்கு எதிராகவே உள்ளது. மரத்தைக் கொல்லுதல் என்னும் ஆட்சி திருக்குறளில் உண்டு என்பது உண்மையே. ஆனால் அது பகையாகிய முள்மரத்தை அழித்தல். மருந்துக்கு வேர் எடுப்பவர் அழிக்கவில்லை. பறிக்கிறார், அகழ்கிறார், பிடுங்குகிறார். 'வேரைக் கொன்றவன்' என்னும் தொடர் வழக்கில் இருந்ததைக் காட்டினாலன்றித் திருத்தத்தை ஏற்க இயலாது.

மூன்றாவது, உருபு. 'மண் குதிர்' என்பது இரண்டாம் வேற்றுமை ஏற்றால் 'மண் குதிரை' என்றாகும், 'குதிரையை' என்றாகாது. வழங்கும் வடிவத்தில் மேலும் ஓர் 'ஐ' இருக்கிறது. குதிர் குதிரையாக மயங்கியபின் உருபு மீண்டும் சேர்ந்தது என்று விடை கூறலாம். அத்தகைய மறுபகுப்பு மொழிகளில் நிகழாததன்று. ஆனால் அது நிகழ்ந்தது என்பதற்குப் பழைய வடிவம் ஒன்றேனும் சான்றாக வேண்டும். மேலும் குதிர் என்பது தமிழ்நாட்டார் அறிந்த அளவில் நெல் சேமிக்கும் கலம். ஐயனார் கோயில்தோறும் மண்குதிரைகளைக் கண்டு வளர்ந்த ஒரு சமூகத்துக்கு, ஆற்றில் கரையும் மண்குதிரை விளக்கம் வேண்டாத படிமம்.

'அகப்பை' என்பதை 'அகம்', 'பை' எனப் பிரிப்பது பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. சட்டியும் அகப்பையும் ஒரே அடுக்களையில் அருகருகே இருப்பவை. ஒன்றை விரதமாக்கினால் மற்றதையும் பிரித்தாக வேண்டியிருக்கிறது; ஒரு திருத்தம் மற்றொரு திருத்தத்தைக் கோருவது ஐயத்துக்குரிய அறிகுறி.

இவ்வகை விளக்கங்களைப் பொய் என்று ஒதுக்கிவிடுவதும் முறையன்று. அவை இன்றைய தமிழரின் மொழியுணர்வுக்குச் சான்றுகள். 'அடி உதவுகிறதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்' என்பதிலுள்ள அடியை இறைவன் திருவடியாக்குவதில், குழந்தைகளை அடித்து வளர்ப்பதைப் பற்றிய இக்கால மனச்சான்று பேசுகிறது. அம்மனச்சான்று போற்றத்தக்கது. ஆனால் அதற்கு இடம் சமூக விவாதம், சொற்பிறப்பியலன்று. அகராதியில் அவை காலக்குறிப்புடன், வழக்கின் புதிய அடுக்காக, தனியே பதிவுபெறவேண்டும். பழைய பொருளை அகற்றிவிட்டு அவ்விடத்தில் அமரக்கூடாது.

இங்குத்தான் இருமொழித் தொகுப்புகளின் விடுபாடு உறைக்கிறது. இப்பழமொழிகளை 1874இலோ 1894இலோ யார், எச்சூழலில் கூறினர் என்று ஒரு வரியேனும் எழுதப்பட்டிருந்தால், இன்று மலையாளத்தையும் வடமொழியையும் துணைக்கழைக்க வேண்டிய தேவை எழுந்திராது. மொழிபெயர்ப்பு படிமத்தைக் காத்தது, பயனைக் காக்கவில்லை. காக்கப்படாத இடத்தில் கற்பனை குடியேறியது.

6. லுகாண்டா தரும் ஒப்பீடு

இக்குறை தமிழ்த் தொகுப்புகளுக்கே உரியதா என்னும் வினா எழலாம். தொடர்பற்ற மொழிக்குடும்பம் ஒன்றை நோக்கினால் விடை கிடைக்கும். உகாண்டாவில் வழங்கும் பாந்து மொழியான லுகாண்டாவுக்கும் ஆங்கிலப் பொருளுடன் கூடிய அகராதிகளும் பழமொழித் தொகுப்புகளும் உண்டு. சுநோக்சாலின் அகராதி 1967இலும் மர்பியின் அகராதி 1972இலும் வெளிவந்தன. பெர்டினாண்டு வால்சரின் பெரும் பழமொழித் தொகுப்பு 1982இல் பெர்லினில் வெளிவந்தது.

லுகாண்டாவில் 'ஒகுல்யா' என்பது உண்ணுதலைக் குறிக்கும் வினை. அரசன் அரியணை ஏறுவதைப் 'புகாண்டாவை உண்ணுதல்' என்பர். காட்டிக்கொடுத்தல் அங்கு 'ஒலுக்வே' என்னும் வஞ்சகத்தை உண்ணுதலாகக் கூறப்படும். தமிழில் அடியுண்பவன் துன்பத்தை ஏற்கிறான். லுகாண்டாவில் அரசுண்பவன் ஆட்சியை ஏற்கிறான். வினையின் அடிப்படை ஒன்றாயினும் அது விரிந்த திசைகள் வேறு. உண்ணுதல் என்னும் ஆங்கிலத் தலைப்பின்கீழ் இவற்றை எண்ணிட்டு அடுக்குவதால் இவ்விரிவு விளங்காது.

அம்மொழியின் புகழ்பெற்ற பழமொழி 'கமுகமு குவே முகண்டா' என்பது. ஒவ்வொன்றாகச் சேர்ந்ததே கட்டு என்பது அதன் நேர்பொருள். தமிழில் 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று ஈடு கூறலாம். ஆனால் லுகாண்டா வடிவத்தில் சுள்ளி என்னும் பெயரே இல்லை. ஒன்று என்னும் எண்ணின்முன் வரும் 'க' என்னும் முன்னொட்டு, எண்ணப்படுவது சிறியதொரு பொருள் என்பதை உணர்த்திவிடுகிறது. கட்டைக் குறிக்கும் பெயரோடு இயையும் 'குவே' என்னும் வடிவம் மற்றொரு பெயர்வகையைச் சேர்ந்தது. கண்டா இனத்தவர் ஒருவரைக் குறிக்கும் பெயரும் முகண்டா என்றே ஒலிக்க, இவ்வியைபே கட்டையும் மனிதனையும் பிரித்தறியச் செய்கிறது. இலக்கணமே படிமத்தைத் தாங்கும் இடம் இது. ஆங்கிலப் பத்தி நீதியை மட்டும் தருகிறது.

ஆகவே இக்குறை ஒரு தொகுப்பாளரின் கவனக்குறைவன்று. மொழி கற்க வந்த அயலவருக்கு உதவும் நோக்கில் உருவான நூல்வகையின் இயல்பான எல்லை. அந்நோக்கத்துக்கு அது போதுமானதாயிருந்தது. மொழிபெயர்ப்புக்கும் ஆய்வுக்கும் அது போதாது.

7. பதிவுக்குரிய நெறி

இனி வரும் தொகுப்புகள் ஒவ்வொரு பழமொழிக்கும் ஒன்பது செய்திகளைத் தரவேண்டும் எனப் பரிந்துரைக்கலாம். அவை: வழங்கும் வடிவமும் அதன் வேறுபாடுகளும், சொல்லுக்குச் சொல் நேர்பொருள், வாக்கிய வகை, கூறுபவர், கேட்பவர், சூழல், நோக்கம், பாதியளவில் கூறப்படுமா என்னும் குறிப்பு, பதிவுசெய்த இடமும் ஆண்டும். ஆங்கில ஈடு இவற்றுக்குப் பின்னரே வரவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட நோக்கங்கள் இருப்பின் ஈடும் ஒன்றுக்கு மேற்படவேண்டும்.

மரபுத்தொடருக்கு இவற்றோடு, ஏற்காத வடிவங்களையும் குறிக்கவேண்டும். 'காது குத்து' செயப்பாட்டில் வாராது, 'கை நனை' பிறர் வீடின்றி வாராது என்பன போன்ற எதிர்மறைக் குறிப்புகள் மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிதும் உதவும். வினைக்குத் துணைவினைப் பயன்பாடு தனிப்பதிவாகவும், பேசுபவரின் மனநிலை அதன் பொருளாகவும் அமையவேண்டும்.

இவ்வாறு செய்தால் நூல் பன்மடங்கு பெருகும் என்னும் தடை எழும். ஒன்பதாயிரம் பழமொழிகளையும் இவ்வாறு பதிவுசெய்ய வேண்டியதில்லை. இன்று வழக்கில் உள்ளவை அவற்றில் ஒரு பகுதியே. அப்பகுதியை முழுமையாகப் பதிவுசெய்த ஆயிரம் பதிவுகள், பயனறியாத பத்தாயிரம் வரிகளினும் மேலானவை. ஏட்டளவில் மட்டும் எஞ்சியவற்றை அவ்வாறே குறித்துவிடலாம்.

8. முடிவுரை

இருமொழிப் பட்டியல்கள் இன்று அச்சு நூல்களோடு நிற்கவில்லை. கணினி மொழிபெயர்ப்புக்கு இணைவாக்கியத் தரவுகள் வேண்டப்படும் காலம் இது. தமிழும் ஆங்கிலமும் எதிரெதிரே நிற்கும் எந்தப் பட்டியலும் அதற்குத் தரவாகலாம். பட்டியலில் பயன் இல்லையெனில் கணினிக்கும் அது கிட்டாது. 'உண்மைப் பொருள்' என்னும் கற்பனைகள் பட்டியலில் ஏறிவிட்டால், அவை ஆங்கிலத்திலும் ஏறி, ஆங்கிலத்திலிருந்து பிற மொழிகளுக்கும் செல்லும். அவற்றைப் பின்னர் திரும்பப் பெறுவது அரிது.

'மாமியார் உடைத்தால் மண்குடம்' என்று கூறி நிறுத்தினால் எஞ்சியதை நிரப்பத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கின்றனர். குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் மாறிமாறி நிரப்பத் தெரிந்த முதியோரும் உள்ளனர். நூல்களில் இல்லாத செய்தி அவர்களிடம் இருக்கிறது. பெர்சிவலும் லாசரசும் யென்சனும் வடிவங்களைச் சேர்த்து வைத்துச் சென்றனர். அவ்வடிவங்களை ஏந்தி இம்முதியோரிடம் சென்று, 'இதை யாரிடம் கூறுவீர்கள், யாரிடம் கூறமாட்டீர்கள்' என்று கேட்டு எழுதுவதே நம் தலைமுறை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் செய்யவேண்டிய எஞ்சிய பாதி.